மதாம் ரோஸ்லின் காட்டிய ஹைட்டி

ஐம்பது வயதுவரை ஹைட்டி என்றொரு நாடு உலகப்படத்தில் எந்த மூலையில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாராவது கேட்டிருந்தால் ஆபிரிக்காவில் என்று சொல்லியிருப்பேன், அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பாரிசில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் நோயாளர்களைக் கட்டிலோடு தள்ளித் திரிந்தவன் நான். பிராங்கார்தியே என்று பிரெஞ்சில் அந்த வேலைக்கு மிடுக்கான பெயர். ஊரில் கேட்கிறவர்களுக்கு ‘ஆஸ்பத்திரியில் வேலை’ என்று மட்டும் சொல்வேன். அவர்கள் டொக்டர் என்று நினைத்துக்கொண்டால் நான் திருத்துவதில்லை.

போன மாதம் பாரிசில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் தெருத் தேநீர்க் கடையில், மருத்துவமனையில் என் பழைய பகுதியில் இப்போது வேலை செய்யும் வன்னிப் பெடியன்கள் இரண்டு பேரைக் கண்டேன்.

“அண்ணை, இப்ப எல்லாம் ஃபோன்தான் சொல்லுது. எந்த அறை, எந்தக் கட்டில், எங்கை கொண்டுபோறது, எல்லாம் அதிலை விழும். ஒருத்தரோடையும் கதைக்கத் தேவையில்லை” என்றான் ஒருவன்.

“நோயாளியோடையும் கதைக்கிறேல்லையோ?”

“அவையோடை என்ன அண்ணை கதை? தள்ளுறது, விடுறது, அடுத்தது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெடியனைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதை இதுவரை மனைவிக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை. இனியாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பாரிசுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். வந்தவர்கள் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன்: கோப்பை கழுவினேன், காய்கறி வெட்டினேன், ஒரு மாரிகாலம் முழுக்கத் துண்டுப் பிரசுரம் விநியோகித்தேன். பிறகு ஒருவர் கைகாட்டி மருத்துவமனைக்குள் நுழைந்தேன். முதல் சில வருடங்களில் ஏழெட்டு மேலதிகாரிகள் மாறினார்கள். ஒருவரின் முகமும் நினைவில் இல்லை. அதன்பிறகுதான் மதாம் ரோஸ்லின் வந்தார்.

அவர் ஹைட்டி நாட்டுப் பெண். தாதியாக வேலை செய்து படிப்படியாக உயர்ந்து எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளராக வந்தவர். குள்ளமான உருவம். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. குரல் உயராது. உயர்ந்தால் பரவாயில்லையே என்று எங்களுக்குத் தோன்றும். அவ்வளவு அமைதியாகத்தான் பிழையைச் சொல்வார். அவர் பேசியது பிரெஞ்சு. ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்கு எங்கள் தமிழிலேயேதான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

புதிதாக வருகிற எவரையும் முதல் நாளே அவர் நோயாளிக் கட்டில் ஒன்றில் படுக்கச் சொல்வார். அவருக்கு முன்பே அங்கிருந்த எனக்கும் அதுதான் நடந்தது. வருடக்கணக்காகத் தள்ளினவன் நான், எனக்கு எதற்குப் பாடம் என்று முணுமுணுத்துக்கொண்டே படுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். விட்டத்து விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக முகத்துக்கு மேலே ஓடின. ஒரு கதவு படாரென்று திறந்தது. லிஃப்ட் கீழே இறங்கியது, எந்த மாடி என்று தெரியவில்லை. யாரோ என் தலைக்கு மேலாகப் பேசிச் சிரித்தார்கள். கடைசியில் குளிர்ந்த ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காணாமல் போய்விட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு வியர்த்துவிட்டது.

திரும்பி வந்து, “பயமா இருந்ததோ?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.

“உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தத்தோடை படுத்திருக்கிறவையை யோசிச்சுப் பாருங்கோ.”

அவருடைய விதிகள் அப்படித்தான் எங்கள் உடம்புக்குள் இறங்கின. நோயாளியிடம் ‘நீங்கள் இன்னார்தானே’ என்று கேட்கக்கூடாது, பயந்தவர்கள் எதற்கும் ஆமென்பார்கள். பெயரையும் பிறந்த திகதியையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, கைப்பட்டியோடு ஒத்துப்பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் எதற்கெடுத்தாலும் ‘உவி, உவி’ என்று தலையாட்டுவதைக் கண்டிருந்த எனக்கு அதன் நியாயம் உடனே விளங்கியது. கால் முன்னுக்குப் போகிற மாதிரித் தள்ள வேண்டும், போகிற வழி அவர்களுக்குத் தெரிய வேண்டும். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று சொல்லாமல் பிரேக்கை விடக்கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை எங்கள் வாயிலிருந்து அவர் கேட்கக்கூடாது.

“ஒண்டுமில்லாட்டி அவை ஏன் இஞ்சை வருவினம்? அந்தச் சொல் அவைக்காக இல்லை, சொல்லுறவற்றை நிம்மதிக்காக” என்பார்.

2009 சித்திரையில் என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அப்போது என் அக்கா வன்னியில் குண்டுகளுக்கு நடுவே இருந்தா. வேலை முடிந்ததும் நான் நேரே யுத்தத்தை நிறுத்தச் சொல்லும் ஊர்வலத்துக்குப் போவேன், தொண்டை கட்டிப்போய்க் காலையில் வேலைக்கு வருவேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், “எங்களுக்கெண்டு ஒரு நாடு இருந்திருந்தா இப்பிடி நடந்திராது, மதாம்” என்றேன்.

அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, “எங்களுக்கு இருநூறு வருசமா நாடு இருக்கு” என்றார்.

எந்த நோயாளியை எங்கே கொண்டுபோவது என்று எழுதித் தரும் பணிச்சீட்டில் பழையது ஒன்றைப் புரட்டி அதன் பின்பக்கத்தில் ஒரு தீவைக் கீறினார். நடுவே ஒரு கோடு. கிழக்குப் பக்கம் டொமினிக்கன் குடியரசு, ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். மேற்குப் பக்கம் ஹைட்டி. மேற்கே கடலைப் பார்த்து வாயைத் திறந்த முதலை போல இருந்தது. அந்த முதலையின் தொண்டையில் ஒரு புள்ளி வைத்து, “போர்ட்-ஓ-பிரின்ஸ். என்ரை அம்மாவும் மகளும் இஞ்சைதான்” என்றார். அங்கே பேசுவது கிரியோல். பாதிக்கு மேல் மலை. முதலில் இருந்த குடிகள் ஸ்பானியர் வந்ததோடு அழிந்துபோனார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர் ஆபிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக மனிதர்களைக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாகப் போட்டார்கள். அந்த அடிமைகள் எழும்பி, பத்துப் பன்னிரண்டு வருடம் சண்டைபிடித்து, நெப்போலியன் அனுப்பிய படையையே அடித்துத் துரத்தினார்கள். 1804 தை முதலாம் திகதி, ஆங்கில வருடப்பிறப்பன்று, நாடு பிறந்தது.

அடிமைகள் நெப்போலியனை வென்றார்களா? இருபது வருடமாகப் பாரிசில் இருக்கிறேன், ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லையே!

“பிறகு என்ன, வெண்டாச்சுத்தானே” என்றேன்.

“பிறகு இருபது வருசத்தாலை பிரான்சின்ரை போர்க்கப்பல்கள் வந்து நிண்டது. உங்களாலை எங்கடை ஆக்கள் சொத்தை இழந்திட்டினம், நட்டஈடு கட்டுங்கோ, இல்லாட்டிச் சுடுவம் எண்டவை.”

“வெண்டவன் தோத்தவனுக்குக் கட்டுறதோ?”

“ஓம். அவை இழந்த சொத்திலை நாங்களும் அடக்கம். எங்களுக்கு நாங்களே விலை கட்டினனாங்கள், நூறு வருசத்துக்கு மேலாலை.”

நான் நம்பவில்லை. தன் நாட்டுப் பெருமையையும் சிறுமையையும் கொஞ்சம் உப்புப் புளி கூட்டிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். சார்செலில் வீட்டுக்குப் போனதும் மகள் துளசியிடம் கேட்டேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது; நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற வயது. கணினியில் தேடிவிட்டு, “உண்மைதான் பப்பா” என்றாள். அவளுடைய சரித்திரப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். நெப்போலியன் குதிரையில் இருந்தார், நான் புரட்டிய பக்கங்களில் ஹைட்டியைக் காணவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எங்கள் ஊர்க்காரருக்கு மட்டும் வாய்த்த கலை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு நாடு கிடைத்துவிட்டால் துன்பமெல்லாம் தீர்ந்துவிடும் என்று அத்தனை வருடம் நம்பியிருந்தவன், அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

அந்த ஆடி மாதம் ரூ காயில் ஒரு கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து, “அக்கான்ரை விஷயம் கேள்விப்பட்டு நாங்கள் எல்லாரும் சரியாக் கவலைப்பட்டனாங்கள் அண்ணை” என்றாள். கையிலிருந்த கத்தரிக்காயைப் பிடித்தபடி நின்றேன். அக்கா வைகாசியிலேயே செல்குண்டு விழுந்து இறந்துபோயிருந்தா. கனடாவில் இருக்கும் சின்னண்ணைக்கு ஒரு கிழமையிலேயே தெரியும். ‘முகாமில இருக்கிறா, ஃபோன் இல்லை’ என்று இரண்டு மாதம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கத்தினேன். “நீ அங்கை குடும்பத்தோடை கஷ்டப்பட்டு வேலைக்குப் போறனி, எப்பிடியடா சொல்லுறது?” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நெடுநாள் அவரோடு கதைக்கவில்லை.

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. தூரத்தில் இருப்பவனுக்குச் சாவைச் சாவென்று சொல்லமாட்டோம். முதலில் ‘கொஞ்சம் சுகமில்லை’, பிறகு ‘ஆஸ்பத்திரியில’, பிறகு ‘கடுமை’. படிப்படியாக இறக்குவோம். அதை அன்பு என்று சொல்லிக்கொள்வோம். மதாமிடம் இதைச் சொன்னபோது, “உங்கடை அண்ணை உங்களிட்டையிருந்து ரெண்டு மாசம் களவெடுத்திருக்கிறார்” என்றார். சரியாகச் சொன்னார் என்று நினைத்தேன்.

2010 தை முதலாம் திகதி வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மதாம் ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தலில் பூசணிக்காய் சூப் கொண்டுவந்தார். தோட்டத்தில் அடிமைகள்தான் அதைச் சமைப்பார்களாம், ஆனால் வாயில் வைக்கக்கூடாதாம். சுதந்திரம் வந்த நாளில் எல்லோரும் குடித்தார்கள், அன்றிலிருந்து ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் குடிக்கிறார்கள். இரண்டு கோப்பை குடித்தேன், மிளகாய் காணாது என்றும் சொன்னேன். மதாம் சிரித்தார். மகள் மிர்லாந்தின் படத்தைக் காட்டினார். எட்டு வயதில் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு அப்போது பதினேழு. ஒன்பது வருடம் இழுபட்ட விசா ஒருவழியாகச் சரிவந்து, அடுத்த மாதம் பாரிசுக்கு வரவிருந்தாள். நன்றாக ஆடுவாளாம்.

பதினொரு நாள் கழித்து அந்தப் பூமி குலுங்கியது.

மறுநாள் நான் காலை ஏழு மணிக்குப் போனபோது காத்திருக்கும் அறைத் தொலைக்காட்சியில் போர்ட்-ஓ-பிரின்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஜனாதிபதி மாளிகையின் வெள்ளைக் கூரை, முழங்காலில் விழுந்த ஆள் மாதிரி முன்னுக்குச் சரிந்து கிடந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னர் சூப் குடித்த நாடா இது என்று நம்ப முடியாமல் நின்றேன். மதாம் மேசையில் இருந்து பணிச்சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். இடது காதில் தொலைபேசி. சீட்டை நீட்டும்போது மட்டும் அதைக் கீழே இறக்குவார். தாயின் இலக்கம் வேலை செய்யவில்லை, மகளின் இலக்கமும் வேலை செய்யவில்லை.

ஐந்தாம் நாள் அயலவர் ஒருவர் மூலம் தாய் இறந்த செய்தி வந்தது. வீட்டுக்குக் கீழே அகப்பட்டிருந்தார். மிர்லாந்தை யாரோ உயிரோடு இழுத்தெடுத்து ஒரு லொறியில் ஏற்றினார்கள் என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஆட்களைத் தேடும் வேலையை நாங்கள் முந்தின வருடம்தான், வன்னியில் காணாமல் போனவர்களைத் தேடித் தேடி, படித்து முடித்திருந்தோம். நான் மதாமிடம் சொன்னேன்: “வீட்டுக்கு ஃபோன் அடிச்சுப் பிரயோசனமில்லை. காயக்காரரை ரோட்டுப் போற பக்கம்தான் கொண்டுபோவினம். ரோட்டு எங்கை முடியுதோ அங்கை தேட வேணும். பேரைச் சொல்லிக் கேட்டா இல்லையெண்டுதான் சொல்லுவினம், பேரைப் பிழையாத்தான் எழுதியிருப்பினம். உடம்பிலை அடையாளம் என்ன இருக்கு?” இடது முழங்கைக்குக் கீழே சுடெண்ணெய் பட்ட தழும்பு இருக்கிறதென்றார். லா சப்பலில் எங்கள் ஆள் ஒருவரின் தொலைபேசிக் கடைக்கு நாள்தோறும் வேலை முடியப் போனோம். எல்லைக்கு அந்தப் பக்கம், டொமினிக்கன் ஆஸ்பத்திரிகளுக்கு ஒவ்வொன்றாக அடித்தோம். ஸ்பானிஷ் பேசத் துளசி பள்ளிக்கூடத்தால் நேரே வருவாள். மதாம் பாதிநேரம் தொலைபேசியை அணைத்து வைக்க வேண்டிய இடங்களில் நிற்பவர் என்பதால் என் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தோம்.

பன்னிரண்டாம் நாள், ஞாயிறு மத்தியானம் ஒரு மணி. சார்செல் வீட்டில் சோறு போட்டபடி இருக்க என் தொலைபேசி அடித்தது. துளசி வாங்கிப் பேசினாள். அவள் முகம் மலர்ந்தது, பிறகு அப்படியே வெளிறியது. தழும்போடு ஒரு பிள்ளை எல்லையோர ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வேறு பெயரில் பதிந்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சாப்பிடுகிறாள் இல்லை, பேசுகிறாள் இல்லை. நாளைக்குப் பாரிஸ் நேரம் ஐந்து மணிக்குத் தாய் எடுத்துக் கதைத்தால் நல்லது.

உடனே மதாமுக்கு எடுத்தேன். “மிர்லாந் உயிரோடை இருக்கிறா!” என்றேன். மறுமுனையில் கேட்ட சத்தத்தை எழுத என்னால் முடியாது.

மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “காயம் இருக்கோ?”

“காலிலை” என்றேன். தாய் இறந்த செய்தி வந்து ஒரு கிழமை. இன்றைக்கு ஒரு இரவாவது நித்திரை கொள்ளட்டும், நாளைக்குப் பக்குவமாகச் சொல்லலாம் என்று ஒரே நொடியில் கணக்குப் போட்டேன். “சின்னக் காயம். ஒண்டுமில்லை, மதாம்.”

சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லையே அவரிடம் சொல்லிவிட்டேன். துளசி அதற்குள் தன் தாயிடம் ஓடியிருந்தாள், நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முழுவதும் சொல்ல நினைத்தேன். காலையில் அவரைச் சுற்றி ஆட்கள். மதியம் எனக்கு அவசரக் கட்டில் ஒன்று. வேலை முடிந்து இருவரும் லா சப்பலுக்கு நடந்தபோது, கடைக்குப் போகுமுன் சொல்லிவிடுவது என்று உறுதியாக இருந்தேன். அவர் என்றுமில்லாதபடி பேசிக்கொண்டே வந்தார். திடீரென்று ஒரு சப்பாத்துக் கடைக் கண்ணாடி முன்னால் நின்றார். உள்ளே போனார். நானும் போனேன். சிவப்பில், பட்டி வைத்த ஒரு சோடியைத் தூக்கி, “ஆடுற பிள்ளைக்கு இது வடிவாயிருக்குமோ?” என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன்.

“நல்ல நிறம்” என்றேன்.

இன்றைக்கும் அந்த இரண்டு சொல்லை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவர் பெட்டியை வாங்கிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். தொலைபேசிக் கடையில் துளசி காத்திருந்தாள். அவள் முதலில் தாதியோடு பேசினாள், பிறகு தொலைபேசியை மதாமிடம் கொடுத்துவிட்டுக் கடை வாசலுக்குப் போய்விட்டாள். தொலைபேசிக் கூண்டின் கதவு சரியாகச் சாத்தாது. கிரியோலில் பாதி பிரெஞ்சு மாதிரித்தான், எனக்கு விளங்கியது. மதாம் அழுதார், சிரித்தார், தாயின் பெயரைச் சொன்னார். பிறகு, “காயம் கெதியா மாறும் பிள்ளை. எழும்பி நடந்து வா. உனக்குச் சப்பாத்து வாங்கியிருக்கிறன், சிவப்பு. நாங்கள் ரெண்டு பேரும் ஆடுவம்” என்றார். ஆடும்போது அவருடைய கால்கள் எப்படி அசையுமோ, அப்படியே அந்தச் சின்னக் கூண்டுக்குள் அசைந்தன. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதைத்து முடித்து வெளியே வந்தார். “கனக்கக் கதைக்கேல்லை. ‘ஓம் அம்மா, ஓம் அம்மா’ எண்டவள். களைப்பாக்கும்” என்றார்.

துளசி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். என் பிள்ளை நல்ல பிள்ளை; நான் சொல்லியிருப்பேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். “யோசிக்காதேங்கோ மதாம், இப்ப செயற்கைக் கால் நல்லாச் செய்யினம். திரும்ப நடப்பா” என்று பிரெஞ்சில் சொன்னாள்.

மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடியது. அது போய் முடியும்வரை மதாம் துளசியின் தோளுக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பணிச்சீட்டை வாசிக்கும் குரலில் கேட்டார்.

“எந்தக் கால்?”

“வலது.”

“எவ்வளவு?”

“முழங்காலுக்கு மேலே.”

“எப்ப தெரியும்?”

“நேற்று ஒரு மணிக்கு.”

சப்பாத்துப் பெட்டியைக் கடை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பவும் கூண்டுக்குள் போனார். அடித்தார். லைன் கிடைத்தபோது மிர்லாந் தொலைபேசியை வாங்க மறுத்துவிட்டாள் என்றார்கள். அடுத்த நாளும் மறுத்தாள். அந்தக் கிழமை முழுவதும் மறுத்தாள். கடைசியில் வாங்கினபோது அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்ததாம்.

சார்செல் ரயிலில் துளசி எனக்கு எதிர் ஆசனத்தில் இருந்தாள். “உங்கடை அண்ணை செய்ததுக்கு எவ்வளவு கத்தினீங்கள், பப்பா” என்று மட்டும் சொன்னாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மதாம் வந்தார். சட்டை மடிப்பில் ஒரு குறையும் இல்லை. சீட்டை நீட்டி, “மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் அறை, எக்ஸ்ரே” என்றார். மாதக்கணக்காக எனக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான். மாடி, அறை, இடம். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒருநாள் துணிந்து அவர் மேசைக்கு முன்னால் போய் நின்று, அவருக்குக் கஷ்டம் வரக்கூடாதென்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன் என்று சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். “நீங்கள் என்னைப் பாதுகாக்கேல்லை. அந்த நேரத்து என்ரை முகத்தைப் பாக்க உங்களுக்குப் பயம். உங்களைத்தான் பாதுகாத்தனீங்கள்” என்றார். பிறகு அடுத்த சீட்டை நீட்டினார்.

அது உண்மை. எத்தனையோ தரம் புரட்டிப் பார்த்துவிட்டேன், அதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

அந்தப் புரட்டாதியில் மிர்லாந் பாரிசுக்கு வந்தாள். திரான்சியில் தாயோடு இருந்தாள். எங்கள் மருத்துவமனையில்தான் அவளுக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். நெடிய பெண், தாயின் அதே அமைதி. அவளைக் கொண்டுபோகிற சீட்டு எனக்கு மட்டும் ஒருநாளும் வரவில்லை. மதாம் தவிர்க்கிறார் என்று தெரியும், நானும் கேட்கவில்லை. மெல்லமெல்ல மதாம் என்னோடு கதைக்கத் தொடங்கினார். காலை வணக்கம் வந்தது, துளசியின் படிப்பைப் பற்றிய விசாரிப்பு வந்தது. ஆனால் அந்தத் திங்கட்கிழமையை இருவரும் தொடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, மதாம் விடுமுறையில் நின்ற ஒரு நாளில், அந்தச் சீட்டு என் கைக்கு வந்தது. செயற்கைக் காலைச் சரிபார்க்கும் பட்டறைக்கு மிர்லாந்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சக்கர நாற்காலியில் கழற்றிய காலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பெயரும் பிறந்த திகதியும் கேட்டேன். சொன்னாள். எங்கே போகிறோம் என்று சொன்னேன். நீண்ட தாழ்வாரத்தில் பாதித் தூரம் போனதும் நான் நிறுத்திவிட்டு அவளுக்கு முன்னால் வந்தேன்.

“நான்தான் அண்டைக்கு உங்கடை அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டவன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“தெரியும்” என்றாள். “அம்மா சொன்னவ. நீங்கள் செய்தது பிழை.”

“ஓம்.”

“சப்பாத்தெண்டு சொல்லேக்கையே எனக்கு விளங்கீட்டுது, அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையெண்டு. நானும் சொல்லேல்லை. ஓம் அம்மா, ஓம் அம்மா எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தன். பிறகு ஃபோனை வாங்க மாட்டனெண்டது கோவத்திலை இல்லை. அடுத்த தரம் எடுக்கேக்கை அவவுக்குத் தெரிஞ்சிருக்குமெண்டு எனக்குத் தெரியும்.”

நான் குனிந்து நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“வந்து ரெண்டு வருசம். நோகுதோ, வீங்கியிருக்கோ, வடிவாப் பொருந்துதோ எண்டு விடிஞ்சாப் பொழுதுபட்டாக் கேக்கிறா. அம்மா இந்தக் காலோடைதான் கதைக்கிறா. ஒம்பது வருசத்துக்குப் பிறகு அவ என்னோடை கதைச்சது, கால் போனது தெரியாத அண்டைக்கு மட்டும்தான்.”